எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்

எதிர்வீட்டுப் பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை தன் மோட்டார் சைக்கிளை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரை போய்த் திரும்பிய வண்டி, எஞ்சின் கனன்றுகொண்டிருந்தது. "மாமா, கூலண்ட் மாற்ற வேண்டும். உங்களிடம் ஸ்பேனர் இருக்கிறதல்லவா? அரை மணி நேர வேலைதான்" என்றான். சொல்லிக்கொண்டே அவன் கை ரேடியேட்டரின் மூடியை நோக்கிப் போயிற்று. நான் அந்தக் கையைப் பற்றிக்கொண்டேன். "நாளைக் காலையில் வா" என்றேன். அவனுக்கு என்மேல் சற்று மனத்தாங்கல்தான். ஏன் நாளைக் காலை என்பதை அவனுக்குச் சொன்னவாறே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது அந்தச் சுடரின் வெப்பம் 2000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே போகிறது. எஞ்சினின் உடலோ பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். பெட்ரோலின் ஆற்றலில் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. எஞ்சியது வெப்பமாகவே வெளியேற வேண்டும். ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. மற்றொரு பகுதி சிலிண்டரின் சுவரில் ஏறுகிறது. அதை அவ்வப்போது அகற்றாவிட்டால் எண்ணெய் கருகும், பிஸ்டன் பருத்துச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் உருவான புல்லட் வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் எஞ்சினைச் சுற்றித் தகடு தகடாக விளிம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை அழகுக்காக அமைந்தவை அல்ல. ஓடும் வண்டியின்மேல் மோதும் காற்று அந்தத் தகடுகளின் வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது. நிதானமாகச் சுழலும் எஞ்சினுக்கு இது போதும். நிமிடத்திற்குப் பதினாயிரம் சுற்றுச் சுழலும் இக்காலத்து எஞ்சினுக்குப் போதாது. நெரிசலில் நின்று நின்று போகும்போது காற்றும் வீசுவதில்லையே! ஆகவே சிலிண்டரைச் சுற்றி நீர் ஓடும் அறைகளை அமைக்கிறார்கள். சிறு பம்பு ஒன்று அந்த நீரைத் தள்ளுகிறது. அது வெப்பத்தை ஏந்தி முன்புறத்து ரேடியேட்டருக்குப் போய், அங்கே காற்றில் ஆறி மீண்டு வருகிறது. இடையே தெர்மோஸ்டாட் என்ற காவற்காரன். எஞ்சின் போதிய அளவு சூடேறும் வரை அவன் கதவைத் திறப்பதில்லை. இவனைப் பற்றிப் பிறகும் பேச வேண்டியிருக்கும்.

வெப்பத்தை ஏந்துவதில் நீருக்கு நிகரான நீர்மங்கள் மிகச் சிலவே. ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். ஆயினும் நீரிடம் குறைகளும் உண்டு: 100 டிகிரியில் கொதித்துவிடும், குளிரில் உறைந்து, விரிந்து, எஞ்சினையே பிளந்துவிடும், உலோகத்தை அரிக்கும். முதற் குறைக்கு ஒரு பரிகாரம் அழுத்தம். 1679-இல் தெனி பாப்பென் என்ற பிரெஞ்சுக்காரர், மூடியை இறுக்கிக் கொதிக்கவைக்கும் பாத்திரம் ஒன்றை இலண்டன் ராயல் சொசைட்டியாருக்குக் காட்டினார். நம் வீட்டுப் பிரஷர் குக்கர் அதன் வழித்தோன்றலே. குக்கருக்குள் நீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. ரேடியேட்டரின் மூடியும் குக்கரின் வெயிட்டும் ஒரே தொழிலைச் செய்கின்றன. மூடியிலுள்ள வில் ஏறத்தாழ ஒரு காற்று மண்டல அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது.

"விசில் அடங்குமுன் உன் அம்மா குக்கரைத் திறப்பாரா?" என்று பையனைக் கேட்டேன். அவன் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் விழுகிறது; 110 டிகிரியில் அமைதியாக இருந்த நீர் அந்தக் கணமே கொதித்து, நீராவியும் கொதிநீருமாக முகத்தில் சீறும். கைத்துணி அதைத் தடுக்காது. எஞ்சின் இரவு முழுவதும் ஆற வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மறுநாள் காலை அவன் இரண்டு புட்டிகளுடன் வந்தான். ஒன்றில் கூலண்ட், மற்றொன்றில், பாட்டரிக்கு ஊற்றும் வாலை வடித்த நீர். "குழாய்த் தண்ணீர் ஆகாதா மாமா? நம் ஊர்ச் சிறுவாணித் தண்ணீர் ஆயிற்றே!" என்றான். சிறுவாணியின் சுவைக்கு நான் அடிமை. எனினும் அதையும் எஞ்சினில் ஊற்றமாட்டேன். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத்தண்ணீர் காய்ச்சும் அண்டாவின் அடியில் வெள்ளையாய் ஏடு படிவதை நீங்கள் கண்டதில்லையா? அதே ஏடு ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்தால் சுரண்டி எடுக்கவும் வழியில்லை.

கூலண்டின் முதற்பொருள் எதிலீன் கிளைக்கால். 1856-இல் பிரெஞ்சு வேதியியலார் வூர்ட்ஸ் இதை ஆக்கினார். தனியே இது 197 டிகிரியில் கொதிக்கும். நீரோடு சரிபாதி கலந்தால், அக்கலவை மூடியின் அழுத்தம் இல்லாமலே 107 டிகிரி வரை கொதிக்காது; உறைநிலையோ சுழியத்திற்குக் கீழே 35 டிகிரிக்கும் தாழ்ந்துவிடும். "நம் ஊரில் எது உறைகிறது?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. உதகையில் தை மாதத்துக் காலையில் புல் நுனி உறையக்கூடும். கோவையில் அந்தக் கவலை இல்லை. வெப்பத்தை ஏந்துவதிலும் கிளைக்கால் நீருக்குத் தாழ்ந்ததே. ஆனால் அந்தப் புட்டியில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: அரிப்பைத் தடுக்கும் உப்புகளும் அமிலங்களும். அலுமினியத்தின்மேல் அவை மெல்லிய காப்புப் படலம் ஒன்றைப் போர்த்துகின்றன. சிறிது சிறிதாகச் செலவழிந்து தீர்ந்துபோவனவும் அவைதாம். கிளைக்கால் அப்படியே இருக்கும். நிறம்கூட மாறாமல் இருக்கலாம். காவல் மட்டும் போயிருக்கும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கொரு முறை மாற்றுக என்று வண்டியின் கையேடு சொல்வது இதற்காகவே. பச்சை, நீலம், செம்மஞ்சள் என்ற நிறங்களை நம்பி வாங்காதீர்கள்; நிறத்திற்குப் பொது விதி ஏதும் இல்லை. கையேட்டில் குறித்த வகை எதுவோ அதுவே வேண்டும். புட்டியில் உள்ளது ஏற்கெனவே நீர் கலந்ததா என்பதையும் படித்துவிடுங்கள். கலந்ததில் மேலும் நீர் ஊற்றிக் கெடுத்தவர்கள் பலர்.

வேலை தொடங்கினோம். வண்டியை நேராக நிறுத்தி, பக்கத்து உறைத் தகட்டைக் கழற்றினோம். பம்பின் அடியில் உள்ள வடிகால் போல்ட்டைச் சற்றே தளர்த்திவிட்டு, கீழே ஒரு பழைய சட்டியை வைத்தோம். மேல்மூடி இறுகியிருந்தபடியால் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. மூடியைத் திறந்ததும் ஒரு முழ தூரம் பாய்ந்து பையனின் காலை நனைத்தது. காற்று உள்ளே புக வழி கிடைத்ததல்லவா? சிரித்துக்கொண்டே சட்டியை நகர்த்தினான். பக்கத்துச் சிறு தொட்டியில் இருந்ததையும் வடித்தோம். ஏறத்தாழ ஒரு லிட்டர் இருக்கும். பச்சை நிறம் மங்கிச் சற்றுப் பழுப்பேறியிருந்தது. கால் கழுவிவர அவன் உள்ளே போகத் திரும்பினான். நான் ஒரு பலகையை எடுத்துச் சட்டியை மூடி, அதன்மேல் ஒரு செங்கல்லையும் வைத்தேன். "இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவேனே, இதற்கு என்ன மூடி?" என்றான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இரண்டு நிமிடத்தில்தான் வருவதாக எண்ணி உள்ளே போனேன். ரேடியேட்டர் வைத்த வண்டி எனக்கு அதுவே முதல். அலுமினியச் சட்டியில் பழைய கூலண்ட், உள்ளே காப்பி, காப்பியோடு செய்தித்தாள். திரும்பி வந்தபோது எங்கள் தெரு நாய் மணி சட்டியின் அருகே நின்று வாயை நக்கிக்கொண்டிருந்தது. யார் வீட்டு நாயும் அல்ல அது. ஆனால் இரவில் எங்கள் படியில்தான் படுக்கும். கிளைக்கால் இனிக்கும் என்பது எனக்குத் தெரியாது. நீர் கலந்ததுதானே என்று விரட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். மாலையில் அது குடித்தவனைப் போலத் தள்ளாடியது. தெருப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் காலை தெளிந்துவிட்டது. கொடுத்த ரொட்டியைத் தின்றது. தப்பியது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வாந்தி, எழுந்து நிற்க இயலவில்லை, சிறுநீரும் நின்றுவிட்டது. கால்நடை மருத்துவர், என்ன குடித்தது என்று கேட்டார். சொன்னேன். "முதல் நாள் மாலையே கொண்டுவந்திருக்கலாமே" என்றார். அன்றிரவு அது இறந்தது.

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டது இது. கிளைக்கால் தொடக்கத்தில் மதுவைப் போன்ற மயக்கத்தையே தருகிறது. அதைச் சீரணிக்க முற்படும் கல்லீரலே அதைக் கொடிய அமிலங்களாக மாற்றிவிடுகிறது. கடைசியில் பிறப்பது ஆக்சாலிக் அமிலம். அது உடலிலுள்ள கால்சியத்தோடு கூடி ஊசி ஊசியான படிகங்களாகிச் சிறுநீரகத்தில் தைக்கிறது. சேனைக்கிழங்கை உண்ணும்போது நாக்கு அரிப்பதற்குக் காரணமும் இதே கால்சியம் ஆக்சலேட்டுப் படிகம்தான். நாக்கோடு நின்றால் அரிப்பு, சிறுநீரகத்தில் நிறைந்தால் மரணம். இடையில் வரும் அந்தத் தெளிவு பொய்த்தெளிவு. உள்ளே சேதம் வளர்ந்துகொண்டிருக்கும் காலம் அது. உரிய நேரத்தில் போனால் மருந்து உண்டு. கல்லீரலில் கிளைக்காலை மாற்றும் அந்த நொதியை வேறு பொருளால் தடுத்து நிறுத்திவிடுகிறார்கள். நஞ்சு மாறாமலே சிறுநீரோடு வெளியேறிவிடும். மனிதருக்கும் இதே கதைதான். தூய கிளைக்கால் 100 மில்லிலிட்டர் அளவு வளர்ந்தவர் ஒருவரின் உயிரைப் போக்கக்கூடும். குழந்தைக்கு அதில் சிறு பகுதி போதும். இதன் பங்காளியான டைஎதிலீன் கிளைக்காலில் மருந்தைக் கரைத்து விற்றதால் 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் பலர். மருந்தை விற்குமுன் அதன் தீங்கின்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 1938-இல் பிறந்தது அதன் விளைவாகவே. இப்போது சில கம்பெனிகள் கூலண்டில் கசப்புப் பொருள் சேர்க்கின்றன. எல்லாப் புட்டியிலும் அது இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

பையன் ஒன்றும் பேசவில்லை. அந்த நாய்க்கு எத்தனை வயது என்று மட்டும் கேட்டான்.

மீதி வேலையில் பொறுமைதான் வேண்டும். வாலை வடித்த நீரை ஒருமுறை நிரப்பி, சற்று ஓடவிட்டு, ஆறிய பின் வடித்தோம். போல்ட்டுக்குப் புதிய செம்பு வாஷர் போட்டோம். பழைய வாஷர் நசுங்கியிருக்கும், கசியும். அலுமினியத்தில் அறுத்த மரையில் பலத்தைக் காட்டக் கூடாது. கையேடு சொல்லும் அளவுக்கே முறுக்கினோம். பிறகு புதிய கூலண்டை மெல்லிய தாரையாக ஊற்றினோம். வேகமாக ஊற்றினால் காற்று உள்ளே சிக்கும். காற்றுக் குமிழி இருக்கும் இடத்தில் நீர் இல்லை. நீர் இல்லாத இடத்தில் உலோகம் காய்ந்து கோணும். அதற்காக ரப்பர்க் குழாய்களைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டோம். வண்டியை இடமும் வலமும் சாய்த்தோம். ஒவ்வொரு முறையும் குமிழிகள் பொரிந்து வந்தன. பின்பு மூடியைத் திறந்தபடியே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, வாயிலிருந்து விலகி நின்றோம். சில நிமிடங்களில் நீர்மட்டம் தொப்பென்று இறங்கியது. முன்னே சொன்ன காவற்காரன் கதவைத் திறந்துவிட்டான். குறைந்ததை ஊற்றி மூடியை அழுத்தித் திருகினோம். பக்கத்துத் தொட்டியை மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே நிரப்பினோம். சக்கரத்தில் தெறித்த துளிகளைச் சோப்பு நீரால் கழுவினோம். டயரில் பட்ட கிளைக்கால் முதல் வளைவிலேயே சறுக்கிவிடும்.

சட்டியிலிருந்த பழைய நீரைச் சாக்கடையில் கொட்டலாமா என்று இம்முறை அவன் கேட்கவில்லை. தானே ஒரு பழைய தகர டப்பாவைத் தேடி எடுத்து, புனல் வைத்து ஊற்றி, மூடியை இறுக்கி, மேலே "நஞ்சு" என்று கொட்டை எழுத்தில் எழுதினான். கழிவு எண்ணெயைத் திரட்டி அனுப்பும் பட்டறை ஒன்று உண்டு. அங்கே ஒப்படைப்பதாகப் பேச்சு.

அடுத்த நாள் விடியற்காலையில், எஞ்சின் நன்கு ஆறிய பிறகு, நான் கூப்பிடாமலே வந்து மூடியைத் திறந்து பார்த்தான். ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. ஊற்றி நிரப்பினான். புட்டியை மூடியபின் தரையில் சிந்திய இரண்டு சொட்டையும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தான்.