மூக்கன் என்னும் பெயர்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரை)



இம்மலையின் வேறொரு தோட்டத்தில் ஓர் இளைஞர் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தந்தையாரின் பெயர் மூக்கன். அடையாள அட்டையில் மகன் பெயரை அடுத்துத் தந்தையின் பெயர் நிற்பது நம் நாட்டு வழக்கம். பள்ளியில் அப்பெயரை உரக்கப் படித்த போதெல்லாம் தோழர்கள் தங்கள் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்களாம். “ஐயா, அந்தப் பெயரை எடுத்துவிட வழியுண்டா?” என்றார். அவர் இசைவுடன், அன்று அவருக்குக் கூறியதையே இன்று உங்களுக்கும் கூறுகின்றோம்.

மூக்கன் என்பது கேலிக்காக இட்ட பெயரன்று. பெற்ற பிள்ளைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த தாய், அடுத்துப் பிறந்த ஆண் மகவுக்கு மூக்குக் குத்தி வளையம் அணிவிப்பாள். பெண் குழந்தையென்று எமன் ஏமாந்து போவான், அல்லது ஊனமுற்ற உடலென்று தள்ளிவிடுவான் என்பது அக்கால நம்பிக்கை. அவ்வாறு பிழைத்த பிள்ளையே மூக்கன். மூக்கையா என்பதும் அவ்வழி வந்ததே. குப்பைமேட்டில் கிடத்தி எடுத்த பிள்ளை குப்பன் ஆனான். இறைவனிடம் இரந்து பெற்ற பிள்ளை பிச்சை ஆனான். ‘தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை’ என்று நம் பாட்டிமார் கூறுவதும் இத்தகைய சடங்கிலிருந்து வந்ததே.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. வட இந்தியாவில் மூக்கு வளையத்துக்கு ‘நத்’ என்று பெயர். அதிலிருந்து நத்து என்னும் ஆண் பெயர் பிறந்தது. சீனப் பெற்றோர் சிலர் குழந்தையை நாய்க்குட்டி என்று அழைத்துக் கெட்ட ஆவிகளின் கண்ணிலிருந்து காத்தனர். தாயின் அச்சம் எல்லா இனத்திலும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இம்மலைக்குப் பெயர் தந்தவர் 1885-ஆம் ஆண்டில் இங்கு நில அளவைக்காக வந்த வில்லியம் கேமரன். ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் கெய்லிக் மொழியில் கேமரன் என்பதற்கு ‘வளைந்த மூக்கு’ என்று பொருள் கூறுவர். அந்தப் பெயரை நாம் பெருமையுடன் முகவரியில் எழுதுகின்றோம். மூக்கன் என்னும் பெயருக்கு மட்டும் ஏன் நாண வேண்டும்? தமிழகத்தில் பி. கே. மூக்கையாத் தேவர் அப்பெயருடனேயே உசிலம்பட்டி மக்களின் சட்டமன்ற உறுப்பினராகப் பலமுறை விளங்கினார். 1971-இல் இராமநாதபுரத்திலிருந்து நாடாளுமன்றமும் சென்றார்.

இன்று இப்பெயர் அரிதாகிவிட்டது. இது வருந்தத் தக்கதன்று, மகிழத் தக்கது. அம்மையும் பேதியும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலம் ஒன்றிருந்தது. நம் ரப்பர் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் குடும்பங்களையே அழித்தது. 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒடுக்கும் பணியைத் தொடங்கினார். 1980-இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. மூக்கு வளையம் செய்ய இயலாததை வடிகாலும் தடுப்பூசியும் செய்தன. எனவேதான் இன்றைய தாய் தன் மகனுக்கு அச்சமின்றி அழகிய பெயர் சூட்டுகின்றாள்.

சென்ற மாதம் அவ்விளைஞரை மீண்டும் சந்தித்தோம். “அப்பாவின் மூக்கில் சிறு தழும்பு உண்டு, ஐயா. கொழுந்து பறிக்கையில் முள் கீறியதென்றே இத்தனை நாள் எண்ணியிருந்தேன். இப்போதுதான் கேட்டேன். அப்பாவுக்கு முன் பிறந்த மூவர் தங்கவில்லையாம்” என்றார். பெயரை நீக்குவது பற்றி அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

பெருமக்களே! உங்கள் வீட்டு முதியோரிடம் அவர்தம் பெயர்க் காரணத்தைக் கேட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குழந்தை பிறந்தால் காலங் கடத்தாமல் பதிவு செய்யுங்கள். பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். குறித்த நாளில் மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று தடுப்பூசி போடுங்கள். அன்று ஒரு தாய் மூக்குக் குத்தி வேண்டியதும் இதே உயிரைத்தான்.