பட்டமா, சர்டிபிகேட்டா, கைவேலையா?

(ஆரம்பாக்கத்தில் மீனவர், ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்திய பேச்சு)



இன்று நம் வீடுகளில் ஒரே பேச்சாக இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளை கம்ப்யூட்டர் வேலைக்குப் போகவேண்டும் என்கிறது. நாலு வருஷம் காலேஜுக்கு அனுப்புவதா? ஆறே மாதத்தில் சர்டிபிகேட்டும் வேலையும் தருகிறோம் என்கிற பயிற்சி நிலையத்தில் பணத்தைக் கட்டுவதா? படகை அடகு வைத்தாவது, கம்மலை விற்றாவது கட்டிவிடலாம் என்று பெற்றவர்கள் நினைக்கிறார்கள். போன படகு லேசில் திரும்பி வராது. ஆகவே அவசரப்படாமல் கணக்குப் பார்த்துப் பேசுவோம்.

முதலில் பட்டம். பட்டம் வேலையைக் கற்றுத் தருகிறதோ இல்லையோ, கம்பெனியின் வாசலைத் திறக்கிறது. குவிகிற மனுக்களைக் கழித்துக்கட்ட முதலாளி முதலில் பார்ப்பது அதைத்தான். பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை 60 சதவீத மார்க் கேட்கிற கம்பெனிகள் பல. இது நியாயமா? இல்லை. ஆனாலும் வாசல் அப்படித்தான் இருக்கிறது.

அந்த வாசலுக்குப் போக அடகு வைக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, 2021 முதல் பொறியியல் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் கிடைத்தால் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் சர்க்கார் ஏற்கிறது. பத்தாவதோடு பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் மூன்று வருஷத்தில் டிப்ளமா. அதை வைத்து பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. பரீட்சை தேவையில்லை. வீட்டிலிருந்தே பாடம் படித்து, தேர்வுக்கு மட்டும் மையத்துக்குப் போகலாம். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகை உண்டு. குடும்பக் கஷ்டத்தால் நடுவில் நிறுத்தினாலும், படித்த அளவுக்குச் சான்றிதழோ டிப்ளமாவோ கையில் இருக்கும்.

இரண்டாவது சர்டிபிகேட். எல்லா சர்டிபிகேட்டும் ஒன்றல்ல. அதைக் கேட்பவன் யார் என்று பாருங்கள். அரசுத் தட்டச்சர் வேலைக்குத் தொழில்நுட்பக் கல்வித் துறையின் கணினிச் சான்றிதழைக் கேட்கிறார்கள். அதற்கு மதிப்பு உண்டு. சிஸ்கோ, ரெட் ஹாட் போன்ற கம்பெனிகள் தேர்வு வைத்துத் தருகிற சான்றிதழ்களையும் அந்த வேலைகளில் மதிக்கிறார்கள். ஆனால் அவற்றின் ஆயுள் மூன்று வருஷம். பிறகு புதுப்பிக்க வேண்டும், மறுபடியும் செலவு. மூன்றாவது ரகம், பயிற்சி நிலையம் தானே அச்சடித்துத் தானே கையெழுத்துப் போடுகிற காகிதம். பெரும்பாலும் அதைத்தான் பெருந்தொகைக்கு விற்கிறார்கள். பாடம் மட்டும் போதுமென்றால் ஐ.ஐ.டி.க்கள் நடத்துகிற என்.பி.டி.இ.எல். வகுப்புகளை இலவசமாகவே கேட்கலாம். தேர்வு எழுதினால் மட்டுமே கட்டணம்.

மூன்றாவது அனுபவம். பழவேற்காட்டு ஏரியில் இறால் வலை கட்டுகிறவன், படகுக்கு ஆள் எடுக்கும்போது காகிதத்தையா பார்க்கிறான்? ஓட்டம் தெரியுமா, வலை தெரியுமா என்று பார்க்கிறான். ஆலையில் ஃபிட்டரின் கை ஓடுவதைப் பார்த்தே மேஸ்திரி எடை போடுவார். கம்ப்யூட்டரிலும் கடைசிப் பேச்சு அதுதான். ஜோஹோ கம்பெனி 2004இல் தொடங்கிய பள்ளியில், பட்டமில்லாத பிளஸ் டூ, டிப்ளமா பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, வேலை கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே எடுப்பது கொஞ்சம் பேரைத்தான். அதை மட்டும் நம்பிப் படிப்பை விடக்கூடாது.

வேலை கிடைக்காமல் அனுபவம் எப்படி வரும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சரியான கேள்வி. 1961ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தின்படி, டிப்ளமாவோ பட்டமோ முடித்தவர் உதவித்தொகையுடன் தொழிற்பயிற்சி பெறலாம். தென்னிந்தியாவுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறினால் ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், மறுபக்கம் தடா, அதையடுத்து ஸ்ரீசிட்டி. அங்குள்ள ஆலைகளிலும் கம்ப்யூட்டர் வேலை உண்டு. படிக்கும்போதே மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டட்டும். அதுவும் செய்துகாட்டிய வேலைதான்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் கம்பெனி, மைசூரில் பயிற்சியிலிருந்த 300க்கு மேற்பட்டவர்களை உள்தேர்வில் தேறவில்லை என்று வெளியே அனுப்பியது. பட்டம் அவர்களைக் காப்பாற்றவில்லை. அதே ஆண்டு ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நடுத்தர, மேல்மட்ட ஊழியர்களே அதில் அதிகம். பல ஆண்டு அனுபவமும் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. வேலைக்குப் போகிற பிள்ளை அதையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

ஆகவே நம் கணக்கு இதுதான். சர்க்கார் செலவிலோ குறைந்த செலவிலோ டிப்ளமா அல்லது பட்டம், படிக்கும்போதே கைவேலை, குறிப்பிட்ட வேலை கேட்டால் மட்டும், கடைசியாக சர்டிபிகேட். பயிற்சி நிலையத்தார் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் காகிதத்தைக் கொடுப்பவர் யார்? இதைக் கேட்கிற வேலை விளம்பரம் ஒன்றைக் காட்டுவீர்களா? வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்று எழுதித் தருவீர்களா? மூன்றுக்கும் நேரான பதில் வராதவரை படகுப் பத்திரம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.