விதையும் கூழாங்கல்லும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் நம் தலைவர்களின் தொண்டினை எடுத்துரைப்பதே வழக்கம். அதனைப் பிறர் செவ்வனே செய்துவிட்டமையால், அயல்நாட்டு அம்மையார் ஒருவரைப் பற்றிப் பேச விழைகிறோம். அவர் பெயர் மில்லிசென்ட் செல்சாம். 1912ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்று 1934இல் முதுகலைப் பட்டம் பெற்று, நியூயார்க் உயர்நிலைப் பள்ளிகளில் உயிரியல் கற்பித்தார். 1946இல், கோழிமுட்டை குஞ்சாக மாறும் கதையைச் சிறுவருக்காக எழுதினார். அதுவே தொடக்கம். 1996இல் அவர் மறைந்தபோது அவருடைய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டிருந்தன.

அவருடைய கணவர் ஹோவர்ட் செல்சாம் மார்க்சிய மெய்யியல் அறிஞர். இடதுசாரி ஆசிரியர்களைத் தேடித் தேடி விசாரித்த 1941ஆம் ஆண்டில், புரூக்ளின் கல்லூரிப் பதவியை இழந்தவர். கொண்ட கருத்துக்காகப் பிழைப்பை இழப்பது இன்னதென அறிந்த குடும்பம் அது. விதையையும் வேரையும் பற்றி எழுதுவோர் உலகியல் அறியாதவர் என்று நம் இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். அவர்களுக்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

1959இல் விதைகளைப் பற்றி அவர் எழுதிய நூலில் பென்னி என்றொரு சிறுவன் வருகிறான். அவன் விதையை மட்டுமா ஊன்றுகிறான்? கூழாங்கல்லையும் கோலிக்குண்டையும் சேர்த்தே ஊன்றுகிறான். நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் கல் முளைக்காது என்று பெரியவர் சொல்லக் கேட்டு அவன் தலையாட்டவில்லை. காத்திருந்து, தன் கண்ணால் கண்டு தெளிகிறான். சொன்னதை ஒப்புக்கொள்ளுமாறு தலைமுறை தலைமுறையாகப் பணிக்கப்பட்ட நம் மக்களுக்கு, இச்சிறுவனின் செயல் சிறிய செய்தியன்று.

அம்மையார் ஒன்றில் மிகவும் கண்டிப்பானவர். சிறுவருக்கென்று எழுதுவோர் பலர், செடி வெயிலை விரும்பி வளைகிறது என்றும், இன்ன உயிர் இன்ன பணிக்காகவே படைக்கப்பட்டது என்றும் எளிமைப்படுத்தி எழுதிவிடுவர். இது எளிமையன்று, பொய் என்பது அவர் கொள்கை. செடி எதனையும் விரும்புவதில்லை. தண்டில் ஒளிபடாத பக்கத்தில் வளர்ச்சிப் பொருள் மிகுதியாகச் சேர்கிறது. அப்பக்கத்து உயிரணுக்கள் கூடுதலாக நீள்கின்றன. அதனால் தண்டு ஒளியை நோக்கிச் சாய்கிறது. காரணம் இருக்கிறது, நோக்கம் இல்லை. 'இன்ன தொழிலுக்கென்றே பிறந்தவன்' என்னும் சொல்லைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட செவிகள் நம்முடையவை. உயிர்களிடத்தில் அத்தகைய பேச்சுக்கு இடமில்லை என்று எட்டு வயதிலேயே ஒரு குழந்தை அறிந்துகொண்டால், பிற்காலத்தில் மனிதரிடத்தில் மட்டும் அதனை எவ்வாறு ஏற்கும்?

1966இல் வெளிவந்த மற்றொரு நூலில் அதே பென்னி விலங்குகளின் படங்களை இனம் பிரித்து அடுக்குகிறான். முதுகெலும்பு உள்ளவை ஒருபுறம், அற்றவை மறுபுறம். பிறகு அவற்றுக்குள்ளும் கூட்டங்கள். எங்கே சேர்ப்பது என்று திகைக்கும்போது அருங்காட்சியகத்துப் பேராசிரியரிடம் கேட்கிறான். இவ்வகைப்பாட்டில் ஒத்த உடலமைப்பு உடையவை ஒன்றாகச் சேர்கின்றன, அவ்வளவே. தவளையைத் தொட்டால் தீட்டு, மானைத் தொட்டால் புண்ணியம் என்பது எந்த விலங்கியல் நூலிலும் கிடையாது. வகுப்பதற்கும் தாழ்த்துவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்குகிறது. அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில், சாதிப் பிரிவினை இனப் பிரிவினையன்று, ஒரே இனத்து மக்களிடையே செய்யப்பட்ட சமூகப் பிரிவினையே என்று நிறுவினார். பஞ்சாபுப் பிராமணரும் பஞ்சாபுச் சமாரும் ஒரே இனவழியினர் என்பது அவர் காட்டிய சான்று. பென்னியின் படங்களை அடுக்கிப் பழகிய மாணவனுக்கு அண்ணலின் வாதம் எளிதிற் புலப்படும் என்பது நம் துணிபு.

இதற்கெல்லாம் ஆய்வுக்கூடம் வேண்டுமே என்பீர்கள். உருப்பெருக்கி வாங்கப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. மொச்சைக்கு எவ்வளவு வேண்டும்? கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்து நனையுங்கள். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஊறவைத்த மொச்சை நான்கைச் செருகுங்கள். ஒன்று நேராகவும், ஒன்று தலைகீழாகவும், மற்றவை படுக்கையாகவும் இருக்கட்டும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில நாள்களில் வேர் வெளிவரும். எவ்வாறு செருகியிருந்தாலும் நான்கின் வேரும் கீழ்நோக்கியே திரும்பும். பிறகு தம்ளரையே சாய்த்துப் படுக்க வையுங்கள். அடுத்து வளரும் வேர் எத்திசையில் செல்கிறது என்பதை நாம் சொல்லப் போவதில்லை. நம் மாலைப் பள்ளிக் குழந்தைகள் பார்த்துச் சொல்லட்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தாவரவியலும் விலங்கியலும் படித்துப் பட்டம் பெற்றோர் இந்த அவையில் இருக்கிறீர்கள். வேலை கிடைத்ததும் பாடநூலைப் பரணில் ஏற்றிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள்: நம் ஏரியின் நத்தை, வேலிக் கள்ளி, வயல் எலி, கோழிமுட்டை. பதினாறு பக்கம் எழுதினால் போதும். சேரிப் பிள்ளை தானே படித்து, தானே செய்து பார்க்கத்தக்கதாக அது இருக்க வேண்டும். கையெழுத்துப் படியைத் தை மாதத்திற்குள் அலுவலகத்தில் சேர்ப்பித்தால், அச்சுச் செலவைச் சங்கமே ஏற்கும் என்று செயலாளர் இசைந்திருக்கிறார்.