கல்லறையும் பதிவேடும்

திருகோணமலைத் துறைமுகத்தை ஆங்கிலேயர் 1795-ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அங்கிருந்த தங்கள் கடற்படைத் தளத்தை 1957-இல் இலங்கையிடம் ஒப்படைத்தனர். இடைப்பட்ட காலத்தில் அத்துறைக்கு வந்து, தாய்நாடு திரும்பாமலே மாண்டவர் பலர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடிக் காண்பது எங்ஙனம்?

எஸ்பிளனேட் சேமக்காலை என வழங்கும் பழைய இடுகாட்டிலே சார்ல்ஸ் ஒஸ்டின் என்னும் கடற்படைத் தளபதியின் கல்லறை உள்ளது. இவர், புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் இளைய சகோதரர். பர்மா யுத்தத்தின்போது, 1852 அக்டோபர் 7-ஆம் நாள், ஐராவதி நதியிலே கப்பலில் வாந்திபேதி கண்டு இறந்தார். அப்போது வயது எழுபத்துமூன்று.

இறந்த ஆண்டும் வயதும் தெரிந்தால் பிறந்த ஆண்டைக் கணித்துவிடலாம். இவருக்கு அது 1779. ஆயின், இங்கிலாந்தில் பிறப்பு இறப்புகளை அரசாங்கமே பதியத் தொடங்கியது 1837-இல்தான். அதற்கு முந்தியவர்களைத் தேடுவோர் கோயிற்பற்றுப் பதிவேடுகளையே நாடவேண்டும். 1538-ஆம் ஆண்டின் கட்டளைப்படி, ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு கோயிற்பற்றும் எழுதிவைக்கலாயிற்று. ஒஸ்டின் குடும்பம் வாழ்ந்தது ஹாம்ப்ஷயரிலுள்ள ஸ்டீவன்டன் என்னும் சிற்றூர். அவ்வூர்க் குருவானவர் சார்ல்ஸின் தந்தையே.

ஆனால், ஏட்டிலுள்ளதெல்லாம் உண்மையென நம்பிவிடலாகாது. அதே ஸ்டீவன்டன் விவாகப் பதிவேட்டின் மாதிரிப் பக்கத்தில், இளம்பெண்ணாயிருந்த ஜேன், தமக்கு மணமகன்மாரைக் கற்பனை செய்து விளையாட்டாக எழுதிவைத்திருக்கிறார். அவரோ வாழ்நாள் முழுவதும் மணம் புரியாதவர். அவர் புகழ் பெற்றவராதலால் உண்மை விளங்கிற்று. பெயரறியாப் பெண்ணொருத்தி அங்ஙனம் எழுதியிருந்தால், பின்வந்தோர் இல்லாத கணவனைத் தேடி அலைந்திருப்பர். ஆகவே, ஒரு சான்றை மற்றொரு சான்றுடன் ஒப்புநோக்குவதே ஆராய்ச்சியின் முதல் விதி.

ஆண்டுக் கணக்கிலும் அவதானம் வேண்டும். திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் 1660-இல் கண்டியரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்ட இராபர்ட் நொக்ஸ் என்பவரை அறியாதார் சிலரே. உடன் பிடிபட்ட அவருடைய தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். இன்றைய கணக்கில் அது 1661 பெப்ரவரி. அன்றைய ஆங்கில வழக்கில் 1660. ஏனெனில், இங்கிலாந்தில் 1752-க்கு முன்னர் புத்தாண்டு மார்ச் 25-ஆம் நாளே பிறந்தது. இதை அறியாதவர், ஒரே மரணத்தை இருவர் மரணமாக எண்ணவும் கூடும்.

தளபதிக்குக் கல்லறை உண்டு, சாதாரண மாலுமிக்கு? அவனுக்கும் ஒரு சான்று உண்டு. கப்பல்தோறும் சம்பளத்துக்காகப் பெயர்ப்பட்டியல் ஒன்று எழுதப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, மாலுமியின் வயதும் பிறந்த ஊரும் அதிலே இடம்பெறலாயின. இலண்டனிலுள்ள கியூ என்னுமிடத்துத் தேசிய சுவடிக்கூடத்திலே அவை காக்கப்படுகின்றன. கல் இல்லாத மனிதனைக் கணக்கேடு காத்து நிற்கிறது!

கல்லோ கடற்காற்றிலும் மழையிலும் தேய்கின்றது. பென்றி லூவிஸ் என்னும் சிவில் அதிகாரி இலங்கையிலுள்ள ஐரோப்பியர் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1913-இல் வெளியிட்டார். எழுத்து அழிந்த கல்லுக்கும் அத்தகைய தொகுப்பு வாய் கொடுக்கும்.

இப்பணி ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று. துறைமுகத்தில் உழைத்த நம்மவர் குடும்பங்களுக்கும் பழைய காணி உறுதியும், ஒல்லாந்தர் காலத் தோம்பும், பாடசாலை இடாப்பும், சாதக ஓலையும் சான்றுகளே. வீட்டிலுள்ள முதியவரிடம் பாட்டன் பூட்டன் பெயர்களை இன்றே கேட்டு எழுதிவைத்தால், நாளை தேடுவோர்க்கு அதுவே முதல் ஏடாகும்.