தெளிவான படமா, தேவையான படமா? இதய சி.டி. ஸ்கேனும் கதிர்வீச்சும்

(தஞ்சாவூர் மாவட்டக் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதக் கூட்டம் முடிந்ததும் நம்மில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மாடிப்படி ஏறினால் அவருக்கு நெஞ்சில் ஓர் இறுக்கம் வருகிறது. இதய இரத்தக்குழாய்களை சி.டி. ஸ்கேனில் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவரோ பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். "அணுக்கரு இயற்பியல் பாடத்தில் ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட் பாதுகாப்பு எல்லை என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். இந்த ஒரு ஸ்கேனிலேயே பத்து, பன்னிரண்டு வரும் என்கிறார்கள். எடுக்கலாமா சார், வேண்டாமா?" என்றார். அவர் சம்மதத்தோடு அந்தக் கேள்வியையே இன்றைக்கு எடுத்துக்கொண்டேன். முடிவு செய்ய வேண்டியவர்கள் அவரும் அவருடைய டாக்டரும். அதன் பின்னால் இருக்கும் இயற்பியல் நம் பாடத்தில் வருவதுதான். அதைப் பேச நமக்கு உரிமை உண்டு.

முதலில் அந்த 20. அது கதிர்வீச்சோடு வேலை செய்கிறவர்களுக்கான எல்லை. ஐந்து ஆண்டுகளின் சராசரி ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட்டைத் தாண்டக் கூடாது, எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. பொதுமக்களுக்கான எல்லை 1. நோயாளிக்கு எல்லை என்று ஓர் எண்ணே கிடையாது. பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் இடம் என்பதால் இது பலருக்கும் தெரிவதில்லை. எக்ஸ்ரே அறை ஊழியர் மேல் படும் கதிரால் அவர் உடலுக்கு ஒரு பயனும் இல்லை. நோயாளி மேல் படுவது அவருக்காகவே. அதனால் அங்கே எல்லைக்குப் பதில் இரண்டு கேள்விகள்: இந்தச் சோதனை இவருக்குத் தேவைதானா? தேவை என்றால், டாக்டர் தேடும் விடை கிடைக்கும்படி எவ்வளவு குறைவாகக் கொடுக்க முடியும்?

அளவு பிடிபட ஓர் ஒப்பீடு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாக நமக்கு வரும் கதிர்வீச்சு, உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால் அங்கே இயற்கை அளவே கூடுதல். ஆபத்தைக் கணக்கிட, ஒரு சீவர்ட்டுக்குச் சுமார் 5 விழுக்காடு என்ற விகிதத்தைப் பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் பயன்படுத்துகிறது. அதன்படி 3 மில்லி சீவர்ட் என்றால் பத்தாயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவர். இது பாதுகாப்புக்காகச் செய்துகொண்ட மதிப்பீடு. இவ்வளவு சிறிய அளவில் யாரும் நேரடியாக எண்ணிப் பார்த்ததில்லை. இளவயதினருக்கும், மார்பகத் திசு கதிருக்கு எளிதில் பாதிக்கப்படுவதால் பெண்களுக்கும் இதைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இனி படத்துக்கு வருவோம். கோடை மழையின் முதல் துளிகள் சிமெண்டுக் களத்தில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் மூன்று துளி, பக்கத்தில் ஒன்றுமில்லை. களம் திட்டுத் திட்டாகத் தெரியும். மழை தொடர்ந்தால் எல்லா இடமும் ஒரே சீராகிவிடும். எக்ஸ்ரே கதிரும் இப்படித் துளித் துளியாகத்தான் வந்து விழுகிறது. துளி குறைந்தால் படம் பொரிப் பொரியாகத் தெரியும். இயற்பியலில் இதற்கு இரைச்சல் என்று பெயர்.

இதை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு சார்ட்டில் நூறு கட்டம் போட்டு, நானூறு உளுந்தைப் பரவலாகத் தூவச் சொல்லுங்கள். கட்டத்துக்குச் சராசரி நான்கு. ஆனால் எண்ணிப் பார்த்தால் இரண்டும் இருக்கும், ஆறும் இருக்கும். விலகல் சராசரியின் வர்க்கமூலம், அதாவது 2, நான்கில் பாதி. இப்போது ஆயிரத்து அறுநூறு உளுந்து. சராசரி 16, விலகல் 4, கால் பங்கு. உளுந்தை நான்கு மடங்காக்கிய பிறகுதான் திட்டு பாதியாகக் குறைந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சியான படம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் விலை இப்படித்தான் ஏறும். அதையே திருப்பிப் பாருங்கள். கதிரைப் பாதியாக்கினால் இரைச்சல் 1.4 மடங்குதான் கூடுகிறது. படம் ஏற்கெனவே தேவைக்கு மேல் அழகாக இருந்தால், பாதிக் கதிரை மிச்சம் பிடித்தும் டாக்டருக்கு வேண்டிய விடை கிடைத்துவிடும்.

இதயத்தில் இன்னொரு தொல்லை, அது துடிக்கிறது. பார்க்க வேண்டிய குழாயோ தொடங்கும் இடத்திலேயே மூன்று, நான்கு மில்லி மீட்டர்தான். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு நொடி. அதில் இதயம் ஏறக்குறைய அசையாமல் இருப்பது ஒரு சிறு இடைவெளி. 90 துடிப்பில் அந்த இடைவெளி மேலும் சுருங்கிவிடும். அதனால்தான் துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை தருகிறார்கள், காபி குடிக்காமல் வரச் சொல்கிறார்கள். கும்பகோணம் டிகிரி காபிக்குப் பழகிய நமக்கு இதுதான் ஸ்கேனிலேயே கஷ்டமான பகுதி!

முன்பெல்லாம் துடிப்பு முழுவதும் கதிரைப் பாய்ச்சிவிட்டு, பிறகு ஈ.சி.ஜி.யைப் பார்த்து நல்ல நொடியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மீதிக் கதிர் வீண். இப்போது பெரும்பாலும் ஈ.சி.ஜி. சைகை தரும் அந்தச் சிறு நேரத்துக்கு மட்டும் கதிரைத் திறந்து மூடுகிறார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் முறைப்பாசனம் வைப்பதைப் போலத்தான்: உங்கள் முறை வரும்போது மதகு திறக்கும், மற்ற நேரம் மூடியிருக்கும். ஆனால் துடிப்பு தாறுமாறாக உள்ளவருக்கு இது பொருந்தாமல் போகலாம். எந்த நொடியில் திறப்பது என்றே தெரியாதல்லவா? அவருக்குப் பழைய முறையே சரி என்று டாக்டர் முடிவு செய்தால் அது தவறல்ல.

மின்னழுத்தத்திலும் மிச்சம் பிடிக்கலாம். ஒல்லியான உடல்வாகு என்றால் 120 கிலோவோல்ட்டுக்குப் பதில் 100 போதும். கதிர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். இரைச்சல் சற்றுக் கூடும். ஆனால் குழாயில் செலுத்தும் அயோடின் மருந்து அந்த அழுத்தத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும். பருத்த உடலுக்கு இது உதவாது.

கதிர் ஒரு பக்கம் என்றால் கணிதம் மறுபக்கம். இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. முதல் நோயாளிக்கு லண்டனில் சி.டி. எடுத்த ஆண்டு 1971. ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் அதற்காக 1979-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே 1971-இல்தான் ஜி.என். இராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் பல கோண நிழல்களிலிருந்து ஓர் உருவத்தை மீட்டெடுக்கும் எளிய கணக்கு முறையை வெளியிட்டார்கள். இராமச்சந்திரன் 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை வளர்த்தவர். கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைச் சொன்னவரும் அவரே. இருவர் பெயரையும் சேர்த்து அந்த வடிகட்டியை உலகம் 'ராம்-லாக்' என்றே அழைக்கிறது. நிழல்களை அப்படியே திருப்பிப் பரப்பினால் உருவம் மங்கலாக வரும். இந்த வடிகட்டி விளிம்புகளைக் கூர்மையாக்குகிறது. ஆனால் விளிம்பைக் கூர்மையாக்கும் அதே கை இரைச்சலையும் பெரிதாக்குகிறது. கூர்மையைச் சற்று விட்டுக்கொடுத்தால் இரைச்சல் அடங்கும். அண்மைக்காலக் கணினிகள் படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி இரைச்சலைக் குறைப்பதால், குறைந்த கதிரிலும் படிக்கத்தக்க படம் கிடைக்கிறது.

இவற்றின் பலன் என்ன? 2007-இல் பல நாட்டு மருத்துவமனைகளில் எடுத்த கணக்கெடுப்பில் இதய சி.டி.யின் நடுமதிப்பு சுமார் 12 மில்லி சீவர்ட். நண்பர் கேள்விப்பட்ட எண் அதுதான். 2017-இல் மறுபடி எடுத்தபோது 78 விழுக்காடு குறைந்து, 3-க்குக் கீழே வந்திருந்தது. இதைவிட என்னை உறுத்திய செய்தி ஒன்று உண்டு. அந்த இரண்டாம் கணக்கெடுப்பிலேயே மிகக் குறைவாகக் கொடுத்த மருத்துவமனைக்கும் மிக அதிகமாகக் கொடுத்ததற்கும் இடையே முப்பது மடங்குக்கு மேல் வேறுபாடு. கருவி மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு இடைவெளி வராது. அதை இயக்குபவரின் பழக்கமும் அக்கறையும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

அதற்காக எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று விளம்பரம் செய்வதும் சரியில்லை. படம் படிக்க முடியாமல் போனால் மறுபடி எடுக்க வேண்டும், அல்லது தேவையில்லாமல் கையிலோ தொடையிலோ குழாய் செலுத்தி ஆஞ்சியோ செய்ய வேண்டிவரும். முதலில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இது. உங்களுக்கு அறிகுறி இருக்கிறது, டாக்டரிடம் ஒரு தெளிவான கேள்வி இருக்கிறது. கதிருக்குப் பயந்து மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எந்த அறிகுறியும் இல்லாமல், முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் தள்ளுபடி தருகிறார்கள் என்று நம்மில் சிலர் போகிறார்களே, அது வேறு கதை. அங்கே முதல் கேள்விக்கே விடை இல்லை. போகும்போது பழைய ஸ்கேன்களை எடுத்துப் போங்கள். சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, ஆஸ்துமா இருந்தால் அயோடின் மருந்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மூச்சை அடக்கச் சொல்லும் அந்தச் சில நொடிகளுக்கு வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். அசைந்தால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. முடிந்ததும் டி.எல்.பி. என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதை 0.014-ஆல் பெருக்கினால் மில்லி சீவர்ட் கிடைக்கும். 200 என்றால் 2.8. இதயத்துக்கு இந்தப் பெருக்கெண் போதாது, ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும் என்று வாதிடுபவர்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் 2007-இன் 12-ம் அதே விகிதத்தில் ஏறும்.

கேள்விகளைப் பிறகு எடுத்துக்கொள்வோம். சார்ட்டும் உளுந்தும் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. தேநீர் முடிந்ததும் ஆறு பேர் கொண்ட குழுக்களாக உட்காருங்கள். ஒரு குழு நானூறு தூவட்டும், அடுத்தது ஆயிரத்து அறுநூறு. கட்டம் கட்டமாக எண்ணி, கரும்பலகையில் எழுதுங்கள்.