பிணி நீங்கிய பின்னும் பேணுவோம்



யாம் மருத்துவர் அல்லோம், இரயில்வே குமாஸ்தா. படித்தும் கேட்டும் அறிந்ததையே இங்கு உரைக்க விழைகின்றோம்.

பரேல் டாட்டா நினைவு மருத்துவமனைக்கு ஊரிலிருந்து வருவோர் நம் காலனி வீடுகளில் தங்கிச் செல்வது புதிதன்று. அவர்களுள் புற்றுநோயுற்ற சிறுவர் சிறுமியரும் உண்டு.

1948-இல் பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகட்கு அமினாப்டெரின் என்னும் மருந்தளித்து, நோய் சில காலம் தணிந்ததை உலகிற்கு அறிவித்தார். அம்மருந்தை ஆக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். இன்று குழந்தைப் புற்றுநோய்களுள் பல குணமாகக் கூடியவை.

எனினும், உயிர் காத்த சிகிச்சையே இரத்தக் குழாய்களில் சுவடு பதித்துச் செல்வதுண்டு. குழாயின் உட்புறத்தே மெல்லிய படலம் ஒன்று உளது. கதிர்வீச்சு அதனைப் புண்படுத்தினால், நாளடைவில் குழாய் தடித்து, கொழுப்புப் படிந்து குறுகலாம். மார்பில் கதிர் பட்டால் இதயக் குழாய்களும், கழுத்திலோ தலையிலோ பட்டால் மூளைக்கு இரத்தம் தரும் குழாய்களும் பழுதுறலாம். டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையைத் தளர்த்தலாம். இவை எல்லோர்க்கும் நேர்வன அல்ல. நேருமாயின், பல ஆண்டுகள் ஓசையின்றி வளரும். இரத்த அழுத்தமும் உயர்ந்தால் அபாயம் பன்மடங்காகும்.

வண்டிகள் ஒழுங்காக ஓடினாலும், கீமேன் இருப்புப் பாதையை நடந்து பார்த்தே தீரவேண்டும். உடலுக்கும் அதுவே விதி. இதற்கெனவே டாட்டா மருத்துவமனையில், சிகிச்சை முடித்தோர்க்கான தனிப் பிரிவு 1991-இல் தொடங்கப்பெற்றது. சிகிச்சைக்கு மட்டுமன்றி, காலமுறைப் பரிசோதனைக்குச் செல்லும் புற்றுநோயாளர்க்கும் உடன் செல்பவர்க்கும், மருத்துவமனைச் சான்றின் பேரில் இரயில் கட்டணச் சலுகை உண்டு.

பெருந்தடை யாதெனில், மறைத்தலே. மகளுக்கு வரன் அமையாதென்றஞ்சி, பழைய சிகிச்சைத் தாள்களைக் கிழித்தெறியும் பெற்றோர் உளர். மகளிடமே சொல்லாதாரும் உளர். முப்பது வயதில் அவளுக்கு மார்பு வலித்தால், மருத்துவரிடம் என் சொல்வாள்? இளவயதுதானே என்று அவரும் வாளாவிருந்தால் என்னாகும்? ஊரார்க்கு உரைக்க வேண்டியதில்லை; உரியவளுக்கு உரைத்தே ஆகவேண்டும்.

ஆதலின் அன்பர்களே, எந்த மருந்து, எவ்வளவு, எங்கே கதிர்வீச்சு என்ற குறிப்பை வீட்டுப் பத்திரம்போல் காத்துப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். ஆண்டுதோறும் இரத்த அழுத்தம் பார்க்கச் செய்யுங்கள். சர்க்கரை, கொழுப்பு, இதயப் பரிசோதனைகளை மருத்துவர் குறித்த காலத்தில் தவறாது செய்விக்க வேண்டும். புகையிலை கூடவே கூடாது. நாளும் நடத்தல் நன்று.

அரும்பாடுபட்டு மீட்ட உயிரை நெடுங்காலம் காப்போம்.