நிறைமதி நோன்பும் நம் பெண்டிரும்

(மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

முழுமதி நாளில் பெண்டிர் உண்ணாது நோற்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். ‘பௌர்ணமி விரதம்’ என்று அதனை அழைக்கின்றோம். இவ் இரண்டும் வடசொற்கள். நமக்குச் சொல் இல்லையா? உண்டு. முழுமதிக்கு வெள்ளுவா என்றும், மறைமதிக்குக் காருவா என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். புறநானூறு முழுநிலவை உவவுமதி என்கின்றது. நிலவுக்கும் அதன் ஒரு சுற்றுக் காலத்திற்கும் திங்கள் என்னும் ஒரே பெயரைச் சூட்டிய மொழி நம் மொழி.

நோன்பு என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். அது நோல் என்னும் முதனிலையிற் பிறந்தது. நோற்றலாவது பொறுத்தல். வலிமையைக் குறிக்கும் நோன்மை என்னும் சொல்லும் அதற்கு உறவுடையதே. எனவே நோன்பு உள்ளத்தை உரமாக்குவது; உடலை நலிவிப்பது அன்று. தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தலும் பிறவுயிர்க்குத் துன்பம் செய்யாமையுமே தவத்தின் வடிவம் என்று வள்ளுவர் வரையறுத்ததும் இக் கருத்துப் பற்றியே.

இந் நோன்பின் பழைய வடிவம் எது? பரிபாடலின் பதினொன்றாம் பாடலைப் பாருங்கள். நல்லந்துவனார் பாடியது அது. சிலைத் திங்களில் (மார்கழி), மதி நிறைந்த ஆதிரை நாளில், பாண்டி நாட்டுக் கன்னியர் வையை ஆற்றின் பனிநீரில் ஆடுகின்றனர். மூத்த பெண்டிர் முறைமை காட்டுகின்றனர். அக் கன்னியர் முதற்கண் வேண்டுவது யாது? தமக்குப் பொன்னா? மணியா? அல்ல. இவ் அகன்ற நிலம் வெப்பமுறாது குளிர்க என்பதே அவர்தம் வேண்டுதல். உலகின் நலத்தையே அப் பெண்கள் முதலில் நினைந்தனர்.

பின்வந்த ஆண்டாளின் திருப்பாவையும் நிறைமதி நாளிலேயே தொடங்குகின்றது. நெய்யும் பாலும் துறத்தல், கண்ணுக்கு மை தீட்டாமை, தீயன செய்யாமை, கோள் சொல்லாமை, இரப்பார்க்கு இயன்ற மட்டும் ஈதல் ஆகியவை அந் நோன்பின் ஒழுக்கங்கள். நாடெங்கும் திங்கள் மும்மாரி பெய்ய வேண்டும் என்பது அதன் விழைவு. நோன்பு நிறைவுறும்போது எல்லாரும் கூடியிருந்து பாற்சோறு உண்கின்றனர். துறத்தல், ஈதல், கூடி உண்ணல் என்னும் மூன்றும் அதன்கண் பிரியாதிருந்தன.

மணிமேகலையையும் இங்கே நினைவுகூர வேண்டும். விடைத் திங்களின் (வைகாசி) விசாக நாளில், புத்தர் தோன்றிய நிறைமதி நன்னாளில், மணிபல்லவத் தீவின் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி என்னும் கலம் அவள் கைக்கு வருகின்றது. அதில் முதற்சோறு இட்டவள் ஆதிரை என்னும் மற்றொரு பெண். அக் கலத்துச் சோற்றால் முதலில் பசி தீர்ந்தவளும் காயசண்டிகை என்னும் பெண்ணே. தீராப் பெரும்பசி நோய் அவளை வாட்டியிருந்தது. நிறைமதி நாளும் பெண்ணும் பசிதீர்த்தலும் அக் காப்பியத்தில் ஒன்றுபட்டு நிற்றலைக் காண்க.

இற்றை நாளில் நாம் காண்பது என்ன? கணவன் நீடு வாழ நோன்பு, மகன் தேர்வில் வெல்ல நோன்பு, கடன் தீர நோன்பு! தெய்வத்தோடு கொடுக்கல் வாங்கல் நடத்துகின்றோம். தேவந்தி என்னும் தோழி, பொய்கைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் பிரிந்த கணவனோடு கூடலாம் என்று கண்ணகியிடம் சொன்னாள். அது பெருமையன்று எனக் கண்ணகி மறுத்தாள். துயரின் நடுவிலும் அவள் தன் தகுதியை விலைபேசவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதுவே என் நெஞ்சை அறுப்பது. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களில் நூற்றுவருக்கு ஏறத்தாழ 53 பேர் குருதிச்சோகை உடையவர்கள். வீட்டார் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பெண் நாள்தோறும் பாதி நோன்பு இருக்கின்றாள். அவள் நிறைமதி நாளிலும் பட்டினி கிடக்கவேண்டும் என்பது எந்த அறம்? அன்றைக்கும் அடுப்பின் முன் நின்று பிறர்க்குச் சமைப்பவள் அவளே!

ஆதலின் நோன்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதனை மீட்டெடுங்கள் என்கின்றேன்.

கருவுற்றோரும், பாலூட்டும் தாயரும், குருதி குன்றியோரும், நீரிழிவு முதலாய நோயுற்றோரும் உணவைத் துறத்தல் வேண்டா. அவர்கள் சினத்தைத் துறக்கலாம், புறங்கூறலைத் துறக்கலாம். உடல்நலம் உடையோர் ஒருவேளை உணவு ஒழிக. ஆனால் ஒழித்த அவ்வுணவு பசித்த ஒருவர் வயிற்றுக்குச் சென்று சேர்க. அன்று மாலை அடுப்படியை ஆடவர் ஏற்க. பெண்டிர் நிலவொளியில் கூடியமர்ந்து நம் நூல்களைப் படித்துப் பொருள் பேசுக. தெய்வத்தை வேண்டுவோர் தம் தாய்மொழியிலேயே வேண்டுக. வையைக் கரைக் கன்னியர்க்கு மூத்த பெண்டிரே வழிகாட்டினர். உங்களுக்கும் அதுவே போதும்.

தாய்மார்களே! தேய்ந்தும் வளர்ந்தும் நிறைவது நிலவு. நிறைந்த அன்று அது தன் ஒளியைக் குடிசைக்கும் மாடத்துக்கும் ஒப்ப வழங்குகின்றது. உங்கள் நோன்பும் அங்ஙனம் அமைக. வலிமை பெற நோலுங்கள். நோற்றுப் பெற்றதைப் பகிருங்கள். பகிர்ந்தபின் நீங்களும் வயிறார உண்ணுங்கள்!